பாதித் தலை

முடியா? எங்க, காலர்லயா? தட்டாதீங்க சார், இருக்கட்டும். இருக்கட்டும்னு சொல்றேன்ல. கோச்சுக்காதீங்க, நீங்க நல்ல மனசோடதான் கையை நீட்டுனீங்க. நான் வெடுக்குன்னு பேசிட்டேன். காலையிலேருந்து மனசு ஒரு நிலையில இல்ல.

இப்பதான் வெட்டிக்கிட்டு வர்றேன். சலூன்ல இல்ல, ஒருத்தர் வீட்டு வாசல்ல. அதான் சரியா உதறல. மடியில இந்தப் பெட்டி கடகடன்னு சத்தம் போடுதே, அதுவும் அதே விஷயந்தான். உள்ள ஒரு கத்திரிக்கோல், ஒரு கை மிஷின், சீப்பு, கைக்கண்ணாடி. நான் முடி வெட்டுறவன் இல்ல சார். பேரு கலியமூர்த்தி, பி.டி.ஓ. ஆபீஸ்ல டெபுடியா இருந்து இப்பதான் ரிட்டயர் ஆனேன். இந்தப் பெட்டி எங்க மன்றத்துப் பெட்டி.

தோழமை மன்றம். காலேஜ் ஹாஸ்டல் பசங்க மன்றம். கவர்மெண்ட் ஹாஸ்டல், எங்க ஆளுங்க தங்கிப் படிக்கிறது. எங்க ஆளுங்கன்னா புரியுதுல்ல? நீங்க எந்த ஊருன்னு நான் கேக்க மாட்டேன் சார். ஊரக் கேட்டா அடுத்தது தெருவக் கேப்பாங்க. அந்த ஒரு கேள்வியிலதான் எங்க மன்றமே பொறந்துச்சு.

எழுபத்தஞ்சுல நடந்தது. ஜெயசீலன்னு ஒரு அண்ணன், ஹாஸ்டல்ல முதல் செட்டு. கடைத்தெரு சலூன்ல போய் உக்காந்திருக்கார். வெட்டுறவரு பேச்சுக் குடுத்துக்கிட்டே வெட்டுறாரு. எந்த ஊரு தம்பி? சொன்னாரு. எந்தத் தெரு? அதையும் சொல்லிட்டாரு. கத்திரிக்கோல் நின்னுபோச்சு. துண்ட உருவிட்டு, "எழுந்திரு, இங்க வெட்டுறது இல்ல"ன்னுட்டாரு. ஒரு பக்கம் வெட்டியாச்சு, ஒரு பக்கம் அப்படியே இருக்கு. வேற யாரா இருந்தாலும் துண்டப் போட்டுத் தலைய மூடிக்கிட்டு ஓடியிருப்பாங்க. இவரு மூடல சார். அந்தப் பாதித் தலையோட கடைத்தெருவுல நடந்து, பஸ் ஸ்டாண்டச் சுத்தி, காலேஜ் வாசல் வழியா ஹாஸ்டலுக்கு வந்திருக்கார். அங்க நாலு பேரு உக்கார வச்சு, மெஸ்ல சாக்குத் தையல் பிரிக்கிற கத்திரிக்கோலால மீதிய வெட்டி விட்டாங்க. அந்த அஞ்சு பேருதான் மன்றம்.

அதுலேருந்து ஒரு வழக்கம். முதல் வருஷத்துப் பையன் சேர்றப்ப, அவனுக்குன்னு ஒரு சீனியர். எல்லாரும் சுத்தி நிப்பாங்க. சீனியர் பாதித் தலைய வெட்டுவாரு. நிறுத்துவாரு. பையன் அந்தக் கோலத்துலயே எழுந்து நின்னு ஊரு, தெரு, அப்பா பேரு, அப்பா செய்யற வேலை, எல்லாத்தையும் சத்தமா சொல்லணும். எதையும் மறைக்கக் கூடாது. சொல்லி முடிச்சதும் சீனியர் மீதிய வெட்டி விடுவாரு. அதுக்கப்புறம்தான் நோட்டுல கையெழுத்து. அந்த நோட்டும் என் பையிலதான் இருக்கு. அறுநூத்திச் சொச்சம் பேரு இருக்கு சார் அதுல. டாக்டரு இருக்காங்க, ஜட்ஜு ஒருத்தர் இருக்காரு. இன்னிக்குச் சாயங்காலம் பொன்விழா. அம்பது வருஷம். நான்தான் வரலாறு வாசிக்கணும். மலர்லயும் நான்தான் எழுதியிருக்கேன், நாலு பக்கம்.

சும்மா தலைய வெட்டிக்கிட்டு நாங்க நிக்கல சார். மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை இந்தப் பெட்டியத் தூக்கிக்கிட்டுக் காலனி காலனியாப் போவோம். அப்பல்லாம் சுத்துப்பட்டு சலூன் எதுலயும் காலனி ஆளுங்களுக்கு நாற்காலி கிடையாது. வேப்பமரத்தடியில ஒரு பக்கம் முடி வெட்டு, ஒரு பக்கம் மனு எழுதறது. சாதிச் சான்றிதழ், முதியோர் பென்ஷன், பட்டா. கையெழுத்துப் போடத் தெரியாதவங்களுக்குக் கையப் பிடிச்சுக் கத்துக் குடுப்போம். மனு என் பொறுப்பு. கலியமூர்த்தி எழுதின மனுன்னா தாசில்தார் நின்னு படிப்பாருன்னு ஒரு பேச்சு இருந்துச்சு. முடி வெட்டுனது தனகோட்டி.

அவன் வீட்டுலேருந்துதான் வர்றேன்.

எண்பத்தி நாலுல சேர்ந்தான். நான் ரெண்டாவது வருஷம். அவனுக்கு நான்தான் சீனியர்னு பேரு வந்துச்சு. ஞாயித்துக்கிழமை காலையில ஹாஸ்டல் வராண்டாவுல ஸ்டூலப் போட்டு உக்கார வச்சோம். ஒல்லியா இருப்பான், முடி மட்டும் அடர்த்தி. எனக்கு வெட்டிப் பழக்கம் இல்ல, இருந்தாலும் வலது பக்கம் ஒரு மாதிரி முடிச்சிட்டேன். நிறுத்தினேன். எழுந்து நின்னான். ஊரு சொன்னான். எங்க ஊருக்குப் பக்கத்து ஊரு. "எங்கப்பா பேரு சின்னக்குழந்தை. பனைமேடு காலனிக்குத் துணி வெளுக்குறாரு, முடி வெட்டுறாரு"ன்னான்.

பனைமேடு என் ஊரு சார்.

உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. எங்களுக்கு ஊர் வண்ணாரு வெளுக்க மாட்டாரு, ஊர் பரியாரி வெட்ட மாட்டாரு. அதுக்குன்னு எங்களுக்கும் கீழ ஒரு குடும்பத்த வச்சிருந்தாங்க. வச்சிருந்தாங்க என்ன, நாங்களும் சேர்ந்துதான் வச்சிருந்தோம். வீட்டுக்கு வீடு பழைய சோறு வாங்கிட்டுப் போவாங்க. சின்னக்குழந்தை என் தலைய எத்தனையோ தடவ வெட்டியிருக்காரு. எனக்கு எட்டு வயசு, அவருக்கு நாப்பது இருக்கும், "தலையக் குனிங்க சாமி"ம்பாரு. ஊர்த் தெருவுல பொடிப் பசங்ககூட எங்கப்பாவ "டேய் அய்யாவு"ன்னு கூப்பிடுவானுங்க. இந்த உலகத்துல என்னச் சாமின்னு கூப்பிட்ட ஒரே மனுஷன் சின்னக்குழந்தைதான். எனக்கு அது புடிச்சிருந்துச்சு சார். இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, எங்க வீட்டுலகூட.

கத்திரிக்கோல் கையில இருக்கு. மீதி இடது பக்கம். எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. கை போகல. சத்தியமா நான் வேணும்னு நிறுத்தல, அது தானா நின்னுபோச்சு. என்னமாவது சொல்லணுமேன்னு ஒண்ணு சொன்னேன். "அட, இவனுக்கு நான் வெட்டுறதா? நம்ம தலைக்கெல்லாம் ஆளு வந்தாச்சுடா"ன்னு. தமாஷாத்தான் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. தனகோட்டியும் சிரிச்சான் சார், நான் பாத்தேன். நான் கத்திரிக்கோல நீட்டினேன், அவன் வாங்கிக்கிட்டான். நான் ஸ்டூல்ல உக்காந்தேன். அவன் அந்தப் பாதித் தலையோட நின்னு எனக்கு வெட்டி விட்டான். அப்படி ஒரு கட்டிங் எனக்கு அதுக்கு முன்னாடி அமைஞ்சதே இல்ல.

மத்தியானம் ஸ்டுடியோக்காரர் வந்தாரு. வருஷா வருஷம் புதுசா சேர்ந்தவங்கள நிக்க வச்சு ஒரு போட்டோ உண்டு. தனகோட்டிகிட்ட "தலைக்குத் துண்டக் கட்டிக்கடா"ன்னு யாரோ சொன்னாங்க. வேணாம்னுட்டான்.

அதுக்கப்புறம் அவன நாங்க ஒதுக்கினோம்னு மட்டும் நினைச்சுடாதீங்க. அந்த மாதிரி ஆளுங்க இல்ல நாங்க. எங்க போனாலும் அவன் இல்லாமப் போக மாட்டோம். ஒரே பந்தியிலதான் சாப்பாடு, ஒரே பாயிலதான் படுக்கை. ஒரு ஞாயித்துக்கிழமை நாப்பது தலை வெட்டுவான், கை வலிக்குதுன்னு ஒரு நாள் சொன்னதில்ல. பெட்டியே அவன் பொறுப்புல குடுத்திருந்தோம், அவ்வளவு நம்பிக்கை. அடுத்த வருஷம் நான் தலைவரானேன். புதுசா வந்த பசங்களுக்கெல்லாம் சீனியர் பக்கத்துல நிப்பாரு, வெட்டுறது தனகோட்டி. அவன் வெட்டுனா சுத்தமா இருக்குமே, எதுக்கு ஆளாளுக்குக் கொதறணும்?

அவன் தன் தலைய மட்டும் தொடல. வலது பக்கமும் வளர்ந்துச்சு, இடது பக்கம் தோள் வரைக்கும் வந்துடுச்சு. நாங்க சாமியாருன்னு கேலி பண்ணுவோம். நான் படிப்ப முடிச்சுட்டு ஹாஸ்டலக் காலி பண்ற அன்னிக்கு டிரங்குப் பெட்டியத் தூக்கிக்கிட்டுக் கூடவே வந்தான். பஸ் ஸ்டாண்டுல வச்சு, "அண்ணா, மீதி இருக்கு"ன்னான். எனக்குப் புரியாம இல்ல. "வர்ற ஞாயித்துக்கிழமை வர்றேன்டா, பாத்துக்கலாம்"னேன். சிரிச்சுக்கிட்டே டிரங்கத் தூக்கி பஸ் மேல போட்டான்.

எந்த ஞாயித்துக்கிழமையும் நான் போகல.

இதெல்லாம் மறந்தே போச்சு சார். மறந்துபோச்சுன்னு சொல்றது பொய். நினைக்க மாட்டேன், அவ்வளவுதான். போன மாசம் மலர் வேலைக்குன்னு யாழினின்னு ஒரு பொண்ணு வீட்டுக்கு வந்துச்சு. எம்.ஏ. ஹிஸ்டரி படிக்குது. இப்ப பொண்ணுங்களும் மன்றத்துல இருக்காங்க. பழைய போட்டோவையெல்லாம் மேசை மேல பரப்பி வச்சுப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அதுல ஒண்ண எடுத்து, "சார், இவருதானே ஜெயசீலன் அய்யா? பாதித் தலை தெளிவாத் தெரியுதே. இதையே அட்டையில போடலாம்"னு கேட்டுச்சு.

பாத்தேன். தனகோட்டி. நேரா கேமராவப் பாத்துக்கிட்டு நிக்கிறான், தலையில துண்டு இல்லாம.

ஜெயசீலன் அண்ணன் செத்து இருபது வருஷம் ஆச்சு. அந்தக் காலத்துப் போட்டோ அவருக்கு ஒண்ணுகூடக் கெடையாது. இது ஜெயசீலன் இல்லம்மா, இவன் தனகோட்டின்னு நான் சொல்லியிருக்கணும். சொன்னா அடுத்து என்ன கேக்கும்? இவருக்கு ஏன் சார் பாதித் தலை, யாரு சார் நிறுத்தினதுன்னு கேக்கும். கெட்டிக்காரப் பொண்ணு சார். நான் கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கிட்டு, "ஆமாம்மா, அவருதான்"னுட்டேன்.

அவ்வளவுதான். ஒரு வார்த்த. எண்ணூறு காப்பி அச்சாயி வந்துடுச்சு. இந்தாங்க, நீங்களே பாருங்க. "நிறுவனர் ஜெயசீலன், 1975"னு எவ்வளவு அழகாப் போட்டிருக்கு பாத்தீங்களா?

முந்தாநாள் கட்டு வந்து சேந்ததுலேருந்து சோறு எறங்கல. நோட்ட எடுத்துப் பாத்தேன், எண்பத்தி நாலாம் வருஷத்துல அவன் பேரு இல்ல. எப்படி இருக்கும்? தலை முழுசா வெட்டினாத்தானே கையெழுத்து. மூணு வருஷம் அத்தன பேரு தலைய வெட்டுனவன் எங்க மன்றத்துல ஆளே இல்ல சார். மலர்ல என்னோட வரலாறு எப்படி ஆரம்பிக்குது தெரியுமா? "நாங்கள் ஒருவருக்கொருவர் முடி வெட்டிக்கொண்டோம்." நான் என் ஆயுசுல வெட்டுனது பாதித் தலைதான்.

சரி, இன்னிக்குக் காலையில போயிடுவோம். பெட்டி, நோட்டு, மலரு மூணையும் எடுத்துக்கிட்டுப் போயி, மீதிய வெட்டி, கையெழுத்து வாங்கி, கையோட விழாவுக்குக் கூட்டியாந்துடுவோம்னு கிளம்பினேன். போஸ்ட் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆகியிருக்கான். ஓட்டு வீடு, முன்னாடி ரெண்டு தென்னை. பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தான். முப்பத்தி ஒன்பது வருஷம் சார். பாத்த உடனே "வாங்கண்ணா"ன்னான், நேத்துப் பாத்தவன் மாதிரி. முடி நரைச்சுப் போச்சு, ஆனா அதே அடர்த்தி. காது வரைக்கும் எறங்கி இருந்துச்சு.

மலரக் குடுத்தேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு அட்டையப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். கத்துவான், எழுந்து அடிக்கக்கூட செய்வான்னு நினைச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். உள்ள பாத்துக் கூப்பிட்டான். "அம்சவேணி, இங்க வா. உன் வீட்டுக்காரனுக்கு வேற பேரு வச்சிருக்காங்க." அந்தம்மா வந்து பாத்தாங்க. என்னையும் பாத்தாங்க. போயி டீ கொண்டாந்து வச்சாங்க.

"தனகோட்டி, தப்புப் பண்ணிட்டேன்டா. மீதிய இன்னிக்கு வெட்டிடுறேன். உக்காரு"ன்னேன். அழுகை வந்துடுச்சு எனக்கு. அவன் யோசிச்சான். எழுந்து போயி ஒரு நாற்காலியக் கொண்டாந்து தென்னை நிழல்ல போட்டு உக்காந்தான். நான் பெட்டியத் தொறந்தேன். பல வருஷமா யாரும் எடுக்காத கத்திரிக்கோல், துரு ஏறி இறுகிக் கெடக்கு. விரல உள்ள விட்டு இழுக்குறேன், வாய் தொறக்கல. எந்த விரல எங்க விடணும்னே எனக்குத் தெரியல சார். அவன் திரும்பிப் பாத்துக்கிட்டே இருந்துட்டு எழுந்து வந்தான். "குடுங்கண்ணா"ன்னு வாங்கி, தேங்கா எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு, துணியில துடைச்சு, காத்துல ரெண்டு தடவ வெட்டிப் பாத்தான். அந்தச் சத்தம், அதே சத்தம். அப்புறம் என் முகத்தப் பாத்தான்.

"காதோரம் பிசிறா இருக்கேண்ணா. சாயங்காலம் மேடை இருக்குதுன்னீங்களே?"

"ஆமாண்டா"ன்னேன்.

நாற்காலி காலியா இருந்துச்சு சார். உக்காந்துட்டேன்.

நிஜமாச் சொல்றேன், யோசிக்கவே இல்ல. கழுத்துல துண்டச் சுத்துறான், "பின்னாடி ரொம்பக் குறைக்காதே"ன்னு சொல்றேன் நான். மடியில முடி வந்து விழுந்தப்பதான் சுரீர்னுச்சு. நான் என்ன பண்ண வந்தேன், என்ன பண்ணிக்கிட்டு இருக்கேன்? சட்டுனு எழுந்திருக்கணும். எழுந்திருக்கல. ஏன்னு கேளுங்க. ஒரு பக்கம் வெட்டியாச்சு சார். எழுந்தா அந்தக் கோலத்தோட பஸ் ஏறணும், அந்தக் கோலத்தோட மேடையில நிக்கணும். ஜட்ஜு வர்றாரு. ஜெயசீலன் அண்ணன் கடைத்தெருவெல்லாம் நடந்தாருன்னு நாலு பக்கம் எழுதினவன், அப்படியே உக்காந்திருந்தேன்.

பாதி ஆனதும் கத்திரிக்கோல் நின்னுச்சு. பின்னாடிலேருந்து மெதுவாக் கேட்டான். "ஊரு சொல்லுங்கண்ணா."

என் உசுரே போச்சு. இப்படியே விட்டுடுவான்னு நினைச்சேன். விட்டுடணும்னு ஒரு மனசு, ஐயோ விட்டுடுவானோன்னு ஒரு மனசு. எழுந்து நின்னேன். "பனைமேடு. காலனித் தெரு. அப்பா பேரு அய்யாவு. பண்ணை வேலை, சாவுக்கு மேளம் அடிப்பாரு"ன்னேன். அந்தம்மா வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க. அவன் என் தோளத் தொட்டு உக்கார வச்சான்.

மீதிய வெட்டினான் சார். ஒரு முடி பிசகாம வெட்டினான்.

முடிஞ்சதும் நான் நோட்ட நீட்டினேன். வேற என்ன செய்யறதுன்னு தெரியல. "கையெழுத்துப் போடுடா, நான் சொல்லிக்கிறேன்"னேன். அவன் நோட்டப் பிரிச்சு எண்பத்தி நாலாம் வருஷத்தத் தேடி எடுத்து, பேரையெல்லாம் ஒவ்வொண்ணாப் படிச்சான். இவன் எப்படி இருக்கான், அவன் எங்க இருக்கான்னு விசாரிச்சான். மூடி என் கையில குடுத்துட்டு, "எனக்கு இன்னும் பாதிதானேண்ணா ஆயிருக்கு"ன்னான். "உக்காருடா, இப்ப வெட்டுறேன்"னேன். "பத்தே காலுக்கு பஸ்ஸு. அத விட்டா மத்தியானம்தான். உங்களுக்கு விழா இருக்கு"ன்னு பெட்டிய மூடிக் குடுத்தான். பஸ் ஸ்டாப் வரைக்கும் அவன்தான் தூக்கிட்டு வந்தான்.

மத்தியான பஸ்ஸுக்கு வந்திருக்கலாம். விழா அஞ்சு மணிக்குத்தான்.

மேடையில சொல்லிடணும்னு இருக்கேன். அட்டையில இருக்குறது யாருன்னு சொல்லிடணும். அந்தப் பொண்ணு யாழினி முன் வரிசையில உக்காந்திருக்கும், அது முகத்தப் பாத்து எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. ஜெயசீலன் அண்ணன் குடும்பத்த வேற வரவழைச்சிருக்காங்க, பொன்னாடை போத்துறாங்களாம். நல்ல நாளும் அதுவுமா சங்கடம் வேணாமேன்னும் ஒரு யோசனை. அடுத்த மாசம் கமிட்டி கூடுறப்ப பேசிக்கலாம். அடுத்த பதிப்புல திருத்திப் போட்டாப் போச்சு. என்ன சொல்றீங்க?

அதோ காலேஜ் ஆர்ச்சு வந்துடுச்சு. பெரிய பேனரா வச்சிருக்கானுங்க பாருங்க, அதே போட்டோதான். கண்ணு என்னமாப் பாக்குது.

கொஞ்சம் வழி விடுங்க சார், எறங்கணும். இப்பவே வாசல்ல மாலையோட நிக்கிறானுங்க. சார், காலர்ல முடி இருக்குன்னீங்களே. கொஞ்சம் தட்டி விட்டுடுங்க.